மைத்துளி எழுதும் நெகடிவ்

திருவனந்தபுரத்துப் பழவங்காடியில், நேர்ந்துகொண்ட தேங்காய்கள் சிதறிக்கொண்டிருக்கும் பிள்ளையார் கோயில் வாசலைக் கடந்து சாலைக் கடைவீதிப் பக்கம் நடப்பவர்கள், போட்டோஸ்டாட் எடுக்கும் கடைகளையும், கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடைகளையும், பிரிண்டருக்கு மை நிரப்பித் தரும் சிறு கடைகளையும் பார்த்திருப்பார்கள். விண்ணப்பப் படிவமும் ஆதார் நகலும் அச்சிடுவதற்காகவே இருப்பதாக நாம் எண்ணியிருக்கும் அந்த இன்க்ஜெட் பிரிண்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரிய ஒளிப்பட முறைகளை இன்றைய எளிய மனிதனின் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் சாதனமாகவும் இருக்கிறது என்பது பலர் அறியாத விஷயம். அச்சாதனம் எவ்வாறு அந்த வேலையைச் செய்கிறது, செய்யும்போது எங்கெங்கே இடறுகிறது, இடறினால் காரணத்தை எந்தக் கிரமத்தில் தேடிக் கண்டுபிடிப்பது என்பவற்றைச் சற்று விரிவாகச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1842-ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, அதன்மேல் நெகடிவை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடங்களில் இரும்பு உப்பு மாறுதலடைந்து ஆழ்ந்த நீல நிறமாகிக் காகிதத்தில் தங்கிவிடுகிறது. ஒளி படாத இடத்து உப்பு தண்ணீரில் கழுவும்போது கரைந்து போய்விடுகிறது. இம்முறையிலும், இதன் இனத்தைச் சேர்ந்த பிளாட்டினம், உப்புக் காகிதம் முதலிய முறைகளிலும், ரசாயனப் பூச்சு மிகவும் மந்தமானது. சாதாரண விளக்கொளிக்கு அது அசைவதில்லை, புற ஊதாக் கிரணங்களுக்கே இணங்குகிறது. ஆகையால் சிறிய நெகடிவை என்லார்ஜரில் வைத்துப் பெரிதாக்குவதென்பது இங்கே நடவாத காரியம். படம் எத்தனை பெரியதோ அத்தனை பெரிய நெகடிவ் வேண்டும். அது காகிதத்தோடு ஒட்டிக் கிடக்கவும் வேண்டும்.

இந்த நிபந்தனையால்தான் அக்காலத்துப் புகைப்படக்காரர்கள் பெருத்த காமிராக்களைச் சுமந்து திரிந்தார்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டில் மதுரையையும் ஸ்ரீரங்கத்தையும் தஞ்சாவூரையும் பெரிய காகித நெகடிவ்களில் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஆக்கினார். வெறிச்சென்று வெளுத்துப்போகும் வானத்துக்காக, அவர் நெகடிவின்மேல் தம் கையாலேயே வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கியதும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இந்த நகரத்திலேயே வாழ்ந்த சக்கரியா டிக்ரூஸ் போன்றவர்களின் காலத்துக்கு வரும்போது கண்ணாடித் தகடு வழக்கத்துக்கு வந்திருந்தது. பிறகு ஃபிலிம் வந்தது. அச்சுக்கூடங்கள் பயன்படுத்திய லித்தோ ஃபிலிமில், இருட்டறைக்குள் இரண்டு கட்டமாகப் பெரிய நெகடிவ் தயாரிக்கும் சிரமமான வழி வெகுகாலம் நிலைத்திருந்தது. 1990-களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டேன் பர்க்ஹோல்டர், கணினியிலிருந்தே நெகடிவை உண்டாக்கலாம் என்று செய்து காட்டி, 1995-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இன்க்ஜெட் பிரிண்டரின் நுட்பம் வளர வளர, மேசைமேல் இருக்கும் அப்பெட்டியே, தெளிந்த ஃபிலிமில் நெகடிவை அச்சிடும் அந்த வேலைக்குப் போதுமானதாயிற்று.

ஆக, டிரைப் வானத்துக்காகத் தூரிகையால் செய்த காரியத்தை, அதாவது ஒளியை மையால் மறிக்கும் காரியத்தை, பிரிண்டர் இன்று நெகடிவ் முழுவதிலும் செய்கிறது. நல்ல பிரிண்டர் உமிழும் ஒரு துளி இரண்டு மூன்று பிகோலிட்டர் அளவே இருக்கும். ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரை லட்சம் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. இத்தனை சூக்ஷ்மமான துளிகளைக் கோடிக்கணக்கில் வரிசை பிசகாமல் நிறுத்தவேண்டிய வேலையில் தோஷங்கள் நேருவது ஆச்சரியமன்று. ஆச்சரியம் என்னவென்றால், அத்தோஷங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய அடையாளத்தை ஃபிலிமில் விட்டுச் செல்கின்றன என்பதே. அடையாளத்தைப் படிக்கத் தெரியாமல் ஒரே சமயத்தில் மையையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, ஃபிலிமையும் மாற்றுகிறவர், நாடி பார்க்காமல் மூன்று மருந்தைக் கலந்து கொடுக்கும் வைத்தியரைப் போன்றவர். நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது என்னும் விதியே இக்கலையில் முதல் விதி.

முதலில் பரிசோதிக்க வேண்டியது யந்திரத்தை. விலையுயர்ந்த ஃபிலிமைத் தொடுவதற்கு முன்னால், சாதாரணக் காகிதத்தில் ‘நாஸில் செக்’ அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அதில் வரும் கட்டங்களில் ஒரு சிறு கோடு விட்டுப்போயிருந்தாலும், மைத்துளியை உமிழும் துளையாகிய நாஸில் ஒன்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். கடிதம் அச்சிட்டால் கண்ணுக்கே தெரியாத அந்தக் குறை, நெகடிவில் ஒளி கசியும் மெல்லிய கீறலாகி, இறுதிப் படத்தின் வானத்தில் கரிய இழையாக ஓடும். இதற்கு, நாஸில்கள் பொருந்திய ஹெட்டைச் சுத்தம் செய்யும் ‘ஹெட் கிளீனிங்’ செய்வது வழக்கம்; ஆனால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து செய்வது மையை வீணாக்கிக் கழிவுப் பஞ்சை நிரப்புமேயன்றிப் பலன் தராது. டாங்க் பிரிண்டர்களில் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்திருந்தாலும் இதே குறை தோன்றும். அப்போது சில மணி நேரமோ ஓர் இரவோ யந்திரத்தை அப்படியே விட்டுவைத்துப் பிறகு பரீக்ஷிப்பதே நல்ல நிவர்த்தி. வாரம் ஒருமுறையாவது எல்லா வண்ணங்களும் ஓடும்படி ஏதேனும் அச்சிட்டு வருவது, வந்த பின் தீர்ப்பதைக் காட்டிலும் மேலானது.

நாஸில்கள் யாவும் குறைவின்றி இருந்தும் நெகடிவில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். முதலில், அந்தப் பட்டைகள் யந்திரத்தினுடையவையா, கணினியிலுள்ள படத்தினுடையவையா என்று தெரிந்துகொள்வதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு: படத்தைக் கால் வட்டம் திருப்பி மீண்டும் அச்சிடுவது. படம் திரும்பியும் பட்டைகள் ஹெட் ஓடும் திசையிலேயே நின்றால் குற்றம் யந்திரத்தினுடையது. படத்தோடு சேர்ந்து பட்டைகளும் திரும்பினால் குற்றம் ஃபைலில். யந்திரந்தான் காரணம் என்று தெளிந்தபின், அதே படத்தைப் பளபளப்பான போட்டோ பேப்பரில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் பட்டை இருந்தால் ஹெட் அலைன்மெண்ட் தவறியிருக்கலாம். ஃபிலிமில் மட்டும் இருந்தால், வழுக்கும் ஃபிலிமை உருளைகள் ஒரே அளவாக நகர்த்தவில்லை என்று கொள்ளலாம். உருளைகளைத் துடைப்பதும், சில பிரிண்டர்களில் உள்ள பேப்பர் ஃபீட் திருத்தத்தைச் செய்வதும் இதற்குப் பரிகாரம். ஹெட் போகும்போதும் வரும்போதும் அச்சிடும் ‘பை-டைரக்ஷனல்’ அல்லது ‘ஹை ஸ்பீடு’ என்ற வசதியை நிறுத்திவிடுவது நெகடிவ் தயாரிப்பவர் அனைவருக்கும் பொதுவான அறிவுரை. வேகம் பாதியாகும்; ஆனால் துளிகள் இடம் பிசகா. ஷீட்டின் கடைசிப் பகுதியில் ஒரு பக்கத்து உருளையின் பிடி விட்டுப்போகும் தருணத்திலும் ஒரு கோடு விழுவதுண்டு. அப்பகுதியை வெறும் ஓரமாக விட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஃபிலிம். எழுதுபொருள் கடையில் ஓ.எச்.பி. ஷீட் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது லேசர் பிரிண்டருக்கும் போட்டோஸ்டாட் யந்திரத்துக்கும் ஏற்ற வெறும் பாலியெஸ்டர் தாள். இன்க்ஜெட் மை அதில் இறங்க இடமில்லாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். நமக்கு வேண்டியது மையை உறிஞ்சும் நுண்துளைப் பூச்சுடைய இன்க்ஜெட் ஃபிலிம். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்கள் பாசிட்டிவ் எடுப்பதற்கு வாங்கும் பால்நிற ஃபிலிமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சிக்கனமாகப் பழக விரும்புகிறவர்களுக்கு அது நல்ல ஆரம்பம். பூச்சு ஒரு பக்கத்தில் மாத்திரமே இருப்பதால் பக்கம் மாறிப்போவது மிகச் சாதாரணமாக நேரும் பிழை. விரல் நுனியைச் சற்று ஈரமாக்கி ஒரு மூலையைத் தொட்டால், பிசுபிசுக்கும் பக்கமே அச்சிடும் பக்கம்.

ஃபிலிமை உள்ளே வைத்தும் ‘பேப்பர் இல்லை’ என்று பிரிண்டர் பிடிவாதம் செய்தால் கலங்க வேண்டியதில்லை. காகிதம் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஒளிக்கண்ணின் ஒளி தெளிந்த ஃபிலிமை ஊடுருவிப் போய்விடுகிறது. ஆகையால் அக்கண்ணுக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. ஃபிலிமின் முன்னோரத்தின் பின்புறத்தில் மெல்லிய வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றைச் சமமாக ஒட்டிவிட்டால் காரியம் நடந்துவிடும். ஒட்டும் டேப் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு உருளையில் பிடித்துக்கொள்ளாதபடி மாத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெகடிவின்மேல் நேர்கோட்டில் சம இடைவெளிவிட்டுப் புள்ளிகள் தோன்றினால், அவை, ஃபிலிம் வெளியேறும் வாயிலில் இருக்கும் பற்சக்கரங்களின் தடங்கள். காகிதத்தை மெல்லப் பிடித்துத் தள்ளும் அந்தச் சிறு சக்கரங்கள், இன்னும் ஈரம் காயாத மையைக் குத்தி எடுத்துச் செல்வதால் அவ்விடங்களில் ஒளி கசிகிறது. மையின் அளவைக் குறைத்தல், தடித்த காகிதத்துக்குரிய செட்டிங்கைத் தேர்ந்து ஹெட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள வெளியை அதிகமாக்குதல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே காயும் நேரம் கொடுக்கும் வசதியிருந்தால் அதைப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்கத் தக்கவை.

மையின் ஈரம் என்று சொல்லும்போது இவ்வூரின் சீதோஷ்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதலிலும், துலாவர்ஷம் அக்டோபர் நவம்பரிலுமாக, ஆண்டில் இரு தடவை மழை இங்கே வந்து தங்கிவிடுகிறது. அந்த நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது சாதாரணம். ஃபிலிமின் நுண்துளைப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தையே முதலில் குடித்துவிட்டு, மை வரும்போது இடமில்லாமல் திணறுகிறது. இருண்ட பகுதிகளில் மை குளம்போலத் தேங்கிப் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. வெளிநாட்டு நூல்களில் கூறப்படும் மையளவை அப்படியே இங்கே கடைப்பிடிக்கிறவர்கள் சங்கடப்படுவதற்குக் காரணம் இதுவே. ஃபிலிமைச் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடிய டப்பாவில் வைத்திருந்து அச்சிடும் வேளையில் மட்டும் எடுப்பதும், அச்சான நெகடிவை ஹேர் டிரையரின் மெல்லிய சூட்டில் உலர்த்திப் பின் சில மணி நேரம் விட்டுவைப்பதும், கடற்கரை ஊர்க்காரர் யாவருக்கும் இன்றியமையாத பழக்கங்கள். மழைக்கால நெகடிவையும் வேனிற்கால நெகடிவையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது.

குளிர்சாதனம் ஓடும் உலர்ந்த அறையிலோ இதற்கு நேர்மாறான தோஷம் வரும். ஃபிலிம் உராய்வினால் மின்னேற்றம் கொண்டு தூசியை இழுக்கும். தூசியின்மேல் விழுந்த மை, தூசி உதிரும்போது சேர்ந்து உதிர்ந்து, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு புள்ளியை விட்டுச்செல்லும். சயனோடைப்பில் அது கருநீலப் புள்ளியாக வந்து நிற்கும். அச்சிடுவதற்கு முன் மென்மையான தூரிகையாலோ காற்றுப் பம்பினாலோ ஃபிலிமைத் தூசி தட்டுவது இதற்குப் போதும்.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாகப் புரிந்துகொள்ளப்படாத விஷயத்துக்கு வருவோம். நெகடிவ் மேசையில் அழகாகக் கறுத்துத் தெரிந்தும், படத்தில் வெண்மை வர வேண்டிய இடமெல்லாம் நீலம் படிந்து போய்விடுகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதென்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே கெட்டது ஒன்றுமில்லை. நம் கண் பார்க்கும் கறுப்பு வேறு, புற ஊதாக் கிரணத்துக்குக் கறுப்பு வேறு. நிறத்துகள்களைக் கொண்ட பிக்மெண்ட் மை அக்கிரணங்களை நன்கு தடுக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் மலிவான டாங்க் பிரிண்டர்கள் பலவற்றில் ஊற்றப்படும் சாய மை, கண்ணுக்கு எத்தனை கருமையாக இருப்பினும், கிரணங்களைப் பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. கறுப்பு மட்டும் பிக்மெண்டாகவும் மற்றவை சாயமாகவும் உள்ள பிரிண்டர்களும் உண்டு. அவற்றில் ‘கிளாஸி போட்டோ பேப்பர்’ என்று தேர்ந்தால், கறுப்பு மையை விட்டுவிட்டு மூன்று வண்ணச் சாயங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்குவது அவற்றின் இயல்பு. பெரிய பிரிண்டர்களில் மேட் பிளாக் என்னும் மை பளபளப்பான ஃபிலிமில் பற்றாமல் துடைத்தால் வந்துவிடுமாதலால், போட்டோ பிளாக் ஓடும்படியான காகித வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த நிறம் நம் பிரிண்டரில் கிரணத்தை அதிகம் தடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே அறியலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பல நிறச் சதுரங்களை ஒரே ஃபிலிமில் அச்சிட்டு, அதை வைத்து ஒரு சயனோடைப் எடுத்தால், எந்தச் சதுரத்தின் கீழ்க் காகிதம் மிக வெண்மையாக இருக்கிறதோ அந்த நிறமே நம் நெகடிவுக்கு உரிய நிறம். கண்ணுக்கு வெளிறித் தோன்றும் மஞ்சள், பல மைகளில் கறுப்புக்கு இணையாக நின்று தடுப்பதை இந்தச் சோதனையில் காண்பது, புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரிய கண்திறப்பு. சாய மைப் பிரிண்டரை வைத்திருப்பவர்களும் பச்சையோ ஆரஞ்சோ கலந்த நெகடிவால் தேவையான அடர்த்தியைப் பெற்றுவிட முடிவதுண்டு.

அடர்த்தியை அளப்பதற்கு முன்னால் ஒளியை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கும் இவ்வூரில் நடுப்பகல் வெயில் புற ஊதாக் கிரணங்களால் நிறைந்தது. ஆனால் ஒரு மேகம் கடந்தால் கணக்கு மாறிவிடும். பூச்சிகளைக் கவர்ந்து கொல்லும் விளக்குகளில் பொருத்தும் யூ.வி.-ஏ குழல்களை ஒரு பெட்டிக்குள் வரிசையாக அமைத்தால், மழையானாலும் இரவானாலும் மாறாத ஒளி கிடைக்கும். கிருமிகளை அழிக்கும் யூ.வி.-சி விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கேடு விளைவிப்பது. அதை இவ்வேலைக்கு ஒருபோதும் வாங்கக் கூடாது. ஒளி நிலைத்தபின், மை படாத வெறும் ஃபிலிமால் பூச்சுக் காகிதத்தின் ஒரு பாதியை மூடி, நிமிஷம் நிமிஷமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போனால், மூடிய பாதியும் மூடாத பாதியும் ஒரே ஆழ்ந்த நீலமாகச் சேரும் மிகக் குறைந்த நேரம் ஒன்று தென்படும். அந்த நேரத்தை இனி மாற்றக் கூடாது. அந்த நேரத்தில், வெறும் ஃபிலிமிலிருந்து முழு மை வரை படிப்படியாக ஏறும் 21 படிக்கட்டுகளை அச்சிட்டுப் பார்த்தால், முழு மையிலும் வெண்மை வராவிடில் நெகடிவ் போதாது என்றும், பாதிப் படியிலேயே வெளுத்துவிட்டால் மை மிகை என்றும் தெளிவாகும். கணினியில் ‘கர்வ்’ வளைத்துச் சாம்பல் நிறங்களைச் சீர்செய்வது இதற்கெல்லாம் பின்னால் வரும் கடைசிப் படி. அடைபட்ட நாஸிலை கர்வால் திருத்த முயல்வதிலேயே அநேகரின் உழைப்பு வீணாகிறது.

நெகடிவைக் காகிதத்தின்மேல் வைப்பதிலும் இரண்டு ஜாக்கிரதைகள் உண்டு. மை உள்ள பக்கம் காகிதத்தைத் தொட வேண்டும். இல்லாவிடில் ஃபிலிமின் தடிமனளவுக்கு ஒளி சிதறிக் கூர்மை குன்றும். அதற்காகப் படத்தை அச்சிடும்போதே இடம் வலமாகத் திருப்பிவிட வேண்டும். காகிதம் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டுமென்பது இரண்டாவது. ஈரம் சற்றே இருந்தாலும் நெகடிவின் மை காகிதத்தில் ஒட்டி, உழைத்துச் செய்த நெகடிவும் படமும் ஒருங்கே நாசமாகும். மழைக்காலத்தில் இரண்டுக்கும் நடுவில் மிக மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்றை விரிப்பது உத்தமம்.

இவ்வளவையும் படித்தவர்கள் இதை நிபுணர்களின் வித்தை என்று ஒதுக்கிவிடக் கூடாதென்பதே என் வேண்டுகோள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன் அரசாங்கத்தின் ஆதரவும் சுமைகூலி ஆட்களும் இருந்தாலொழியக் கைகூடாத வேலை, இன்று கைப்பேசியில் எடுத்த படத்தோடும், பக்கத்துக் கடையில் இருக்கும் பிரிண்டரோடும் ஒரு பள்ளி மாணவிக்கும் சாத்தியமாகியிருக்கிறது. நம் பள்ளிகளின் விஞ்ஞானக் கூடங்களும், கவின்கலைக் கல்லூரிகளும், ஊர்தோறும் உள்ள புகைப்படச் சங்கங்களும் இதைக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். ரசாயனமும் பௌதிகமும் கலையும் ஒரே மேசையில் சந்திக்கும் பாடம் இதைப்போல் வேறு அதிகம் இல்லை. தொடங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது விலையுயர்ந்த ஃபிலிம் அன்று, ஒரு நோட்டுப்புத்தகம். எந்தத் தேதியில், எந்த ஃபிலிமில், எந்த செட்டிங்கில், எத்தனை நிமிஷ ஒளியில், என்ன ஈரப்பதத்தில், என்ன வந்தது என்று ஒவ்வொரு முறையும் அதில் எழுதி வையுங்கள். தோஷத்தின் காரணத்தை வேறெங்கும் போய்க் கேட்க வேண்டியிராது. அந்தப் பக்கங்களே சொல்லிவிடும்.